பரண் மேல் பாதி பாட்டில்

திருவாரூர் போய் வந்தவர்கள் தியாகராஜரைப் பற்றிப் பேசுவார்கள், ஆழித்தேரைப் பற்றிப் பேசுவார்கள், கோயிலுக்குச் சமமாகப் பரந்து கிடக்கும் கமலாலயக் குளத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் பேசப் போவது திறந்து வைத்த பாட்டிலைப் பற்றி. பக்தகோடிகள் மன்னிக்க!

உள்ளூர்க்காரரிடம், "திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். டாஸ்மாக் குவார்ட்டர் என்பது 180 மில்லி. திருகிய கையோடு மூடி ஓடம்போக்கி ஆற்றுப் பக்கம் பறந்துவிடும். அப்புறம் எதைப் பாதுகாப்பது?

பிரச்னை விமானத்தில் வருகிறது. இந்த வட்டாரத்தில் தெருவுக்கு ரெண்டு பேராவது சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம். மாப்பிள்ளை மாமனாருக்குக் கொண்டு வருகிறார். மாமனார் மாதம் ஒரு பெக் ஆசாமி. மீதி? பரணுக்குப் போகும்!

அப்படி ஒரு மாமனார்தான் என் நண்பனின் பெரியப்பா. தேர் ஓடி முடிந்த ஒரு பங்குனி மதியத்தில், கீழவீதிப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அவருடைய ஓட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று நண்பன் சொல்லிவிட்டான். உடனே பெரியப்பா ஏணியை எடுத்துவிட்டார்.

"தம்பி, நாலும் தெரிஞ்சவரு. இதுல எது நல்லாருக்கு, எது கெட்டுப்போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க."

நான் படித்தது பி.காம். ஆனாலும் சரக்கு இருப்புக் கணக்கு எடுப்பது எங்கள் தொழில்தானே? பரணில் தலையை நீட்டினேன். அடுப்புக்குள் நீட்டியது மாதிரி இருந்தது. பங்குனி வெயிலில் ஓட்டுக்கும் பரணுக்கும் நடுவில் கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

முதல் பாட்டில் விஸ்கி. திறந்து மூணு வருஷம். கால்வாசிதான் மிச்சம். "விஷமாயிருக்குமோ?" என்றார் பெரியப்பா. ஆகாது. 40 சதவீத ஆல்கஹாலில் எந்தக் கிருமியும் குடித்தனம் நடத்த முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்களே, அது மெத்தனால். அது கள்ளச்சாராயத்தில் மனுஷன் கொண்டு வந்து கலக்கிற சமாசாரம். மூடி வைத்த நல்ல விஸ்கியில் தானாக முளைக்காது.

ஆனால் ருசி தேயும். பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்று அதிகம். அந்தக் காற்று வாசனையைத் தின்னும். மூடி லூஸாக இருந்தால் ஆல்கஹாலும் ஆவியாகிக் கிளம்பிவிடும். பாதிக்கு மேல் இருந்தால் ஒண்ணு ரெண்டு வருஷம் கவலையில்லை. கால்வாசிக்கு வந்துவிட்டால் சில மாதங்களில் முடிப்பது உத்தமம். வெயில் படாத, சூடில்லாத இடத்தில், நிற்க வைத்துத்தான் வைக்கணும். படுக்கப் போட்டால் அந்த ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

ரெண்டாவது சிவப்பு ஒயின். போன தீபாவளிக்குத் திறந்தது! ஒயினில் ஆல்கஹால் 12, 13 சதவீதம்தான். காற்று பட்டால் அசிட்டிக் அமில பாக்டீரியா ஆட்டத்தை ஆரம்பித்துவிடும். இறுக மூடி ஃப்ரிஜ்ஜில் வைத்தால் மூணிலிருந்து அஞ்சு நாள். நுரைக்கிற ஷாம்பெயின் வகை என்றால் ஒண்ணிலிருந்து மூணு நாள். போர்ட் மாதிரி சாராயம் சேர்த்த ஒயின் சில வாரம் தாங்கும். கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால், விஸ்கிக்கு வருஷக் கணக்கில் தேய்மானம், ஒயினுக்கு ஒரே வாரத்தில் வாராக்கடன்.

மோந்து பார்த்தேன். சுத்தமான வினிகர். "அப்பவே நினைச்சேன். குத்துவிளக்குத் துலக்க ஆவும், கொடுங்க" என்று பெரியம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூணாவது ஐரிஷ் கிரீம். பாலாடை சேர்த்தது. 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லும் வகை. அந்தப் பரண் எந்தக் காலத்தில் 25 டிகிரியைப் பார்த்தது? உள்ளே தயிர் உறைந்திருந்தது. நேராகச் சாக்கடைக்கு.

பெரியப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "எங்க காலத்துக் கள்ளுக்கு இந்தத் தொல்லையே கெடையாது தம்பி. காலையில எறக்கினது சாயங்காலம் காலி." வாஸ்தவம். கலயத்தில் விழுந்த கையோடு புளிக்க ஆரம்பிக்கும் பானம் அது. மறுநாள் காடி. பதநீராக நிற்கணும் என்றால் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவணும். 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. வேண்டுமென்றால் நாகூர் தாண்டிக் காரைக்கால் போகணும். வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்றால் எல்லையில் சட்டம் விடாது. சட்டம் விட்டாலும், பஸ் திருவாரூர் வந்து சேர்வதற்குள் வெயில் விடாது!

மிச்ச விஸ்கியைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. காற்றுக்கு இடமில்லாத சின்ன பாட்டிலுக்கு மாற்றுவது. பெரியப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது. "அதுக்கென்ன, குவார்ட்டர் பாட்டில் கெடக்கு" என்று பரணின் மூலையிலிருந்து ஒன்றை உருவினார். லேபிள் இல்லை. அடியில் ரெண்டு விரற்கடை பழுப்பாக ஏதோ இருந்தது.

"இது என்ன பெரியப்பா?"

"அட, இது சம்பாவுக்கு அடிச்ச மருந்துல மிச்சம். டின்னு பெருசா இருந்துச்சுன்னு இதுல ஊத்தி வச்சேன். அடையாளத்துக்கு மூடியில நூல் கட்டியிருக்கேன் பாருங்க."

மூடியில் நூல் இல்லை. எப்போதோ இற்றுப் போயிருக்கிறது. பக்கத்தில் அதே நிறம், அதே உயரத்தில் இன்னும் மூணு குவார்ட்டர். ராத்திரி கரண்ட் போன நேரத்தில் ஏணியில் ஏறி, கையால் தடவி எடுக்கிற ஆள் அவர்.

அந்த மத்தியானத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. நெல் விளைகிற ஊரில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. பூச்சி மருந்து டின்னில் சாய்ந்த சதுரம் ஒன்று போட்டிருப்பார்களே, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று? விஷத்தின் கடுமையைச் சொல்லும் அடையாளம் அது. சிவப்புதான் உச்சம். விஷமுறிவுக்கு என்ன தரணும் என்பதும் அந்த லேபிளில்தான் இருக்கும். டாக்டர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான். குவார்ட்டர் பாட்டிலுக்கு மாற்றிவிட்டால் அத்தனையும் போச்சு. கழுவிவிட்டு வேறு எதையாவது ஊற்றலாம் என்பதும் கூடாது.

பெரியப்பா பேசவில்லை. நண்பன் கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு நாலு குவார்ட்டரையும் இறக்கினான். மருந்து பழைய டின்னுக்கே போனது. டின் வயல்கொட்டகைக்குப் போனது, பூட்டோடு. காலி பாட்டில்களைப் பேரப்பிள்ளைகள் கை படாமல் அப்புறப்படுத்தினோம்.

விஸ்கி அதே பாட்டிலில், அதே லேபிளோடு, கூடத்து மர அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் குடிவந்தது. சாவி பெரியம்மா இடுப்பில்.

"மாசம் ஒண்ணுதானே, கேட்டு வாங்கிக்கட்டும்" என்றார் பெரியம்மா, குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டே. விளக்கு என்னவோ பளபளவென்றுதான் இருந்தது.