இரைச்சலுக்குள் ஒரு கோடு

இங்கிலாந்தின் கிழக்கு சஸ்ஸெக்ஸில், 15ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோட்டை ஒன்றின் வளாகத்தில் இருக்கிறது ஹர்ஸ்ட்மன்சூ லேசர் நிலையம். 1983 முதல் இங்கிருந்து செயற்கைக்கோள்களின் தூரத்தை ஒளியால் அளக்கிறார்கள். 2022 ஜூலை 13 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து வேகா-சி ராக்கெட் ஏற்றிச் சென்ற லாரெஸ்-2 கோளைப் பின்தொடரும் வேலையைப் பார்க்க அந்தக் கோடையில் அங்கே போனேன்.

இத்தாலியின் லாரெஸ்-2 ஓர் உலோக உருண்டை. விட்டம் 42 செ.மீ., எடை ஏறக்குறைய 295 கிலோ. சூரியத் தகடு, ரேடியோ, ஜிபிஎஸ் எதுவும் கிடையாது. மேற்பரப்பில் 303 பிரிசங்கள் பதிந்திருக்கின்றன. அவை ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். தான் எங்கே இருக்கிறேன் என்று அதனால் சொல்ல முடியாது. 5,900 கி.மீ. உயரத்தில் அதைத் தேடிப் பிடிப்பது தரையில் இருப்பவர்கள் பொறுப்பு.

ஏவிய தொடக்க நாட்களில் பாதைக் கணிப்பு அவ்வளவு துல்லியமாக இருக்காது. கணிப்பு ஒரு நொடி பிசகினால் கோள் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். லேசர் கதிரோ மிகவும் ஒடுங்கியது.

அன்று இரவுப் பணியில் இருந்தவர் பல ஆண்டு அனுபவமுள்ள பெண்மணி. முதலில் தூரம் தெரிந்த தரை இலக்கை லேசரால் அளந்து கருவியைச் சரிபார்த்தார். காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் பதிவாகின்றனவா என்று பார்த்தார். காற்றில் ஒளி சற்றுத் தாமதிக்கும், அதைக் கழிக்க இவை வேண்டும். வழியில் விமானம் வந்தால் லேசரை நிறுத்த ரேடார் காவல் இருக்கிறது.

பிறகு பச்சைக் கதிர் மேலே பாய்ந்தது. போய்த் திரும்ப ஒளிக்கு ஏறக்குறைய ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்தடுத்த துடிப்புகள் பல கிளம்பிவிடுகின்றன. திரையில் தாறுமாறாகப் புள்ளிகள்: எல்லாம் வானத்தின் வெளிச்சமும் கருவியின் இரைச்சலும். அவர் கணிப்பின் நேரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார். நெல்லிலிருந்து பதரைப் பிரிப்பதுபோல் கண் வேலை செய்தது. "இதோ" என்று அவர் காட்டிய பிறகே, கோளிலிருந்து திரும்பிய ஒளியின் அந்த மெல்லிய கோடு எனக்குத் தெரிந்தது.

கோடு கிடைத்ததும் அவர் செய்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. வரும் ஒளியைக் கூட்டாமல், வடிகட்டி போட்டுக் குறைத்தார். காரணம் கேட்டேன். "நிறைய ஃபோட்டான் ஒன்றாக வந்தால் முதலில் வருவதைத்தான் கருவி எண்ணும், தூரம் குறைவாகக் காட்டும். ஒற்றை ஃபோட்டானாக வந்தால் கணக்கு நேர்மையாக இருக்கும்" என்றார். ஒரு மில்லிமீட்டர் தூரம் என்பது போக வர ஏழு பிகோ நொடிக்கும் குறைவு. ஒரு பிகோ நொடி, நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் அதிக வெளிச்சமும் பிழைதான். கிடைப்பதையெல்லாம் வாரிக்கொள்ளாத இந்தக் கட்டுப்பாடே இந்தத் தொழிலின் அறம் என்று நினைக்கிறேன்.

கோள் வானைக் கடந்து முடிந்ததும் அளவுகள் சர்வதேசத் தரவு மையத்துக்குப் போகின்றன. அவற்றிலிருந்து கணிப்பு திருந்தும். ஆஸ்திரியாவின் கிராஸ், இத்தாலியின் மாத்தேரா, ஆஸ்திரேலியாவின் யாரகாடீ நிலையங்களுக்கும் கோள் எளிதில் அகப்படும். மேகம் ஒரு நாட்டை மூடினால் இன்னொரு நாடு அளக்கும்.

இந்தப் புள்ளிகளிலிருந்து பெரிய விஷயங்கள் வருகின்றன. சுழலும் பூமி தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் சற்று இழுத்துச் செல்கிறது என்பது ஐன்ஸ்டைன் கோட்பாட்டின் முடிவு. இந்த உயரத்தில் அது கோளின் பாதையை ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் நகர்த்தும். 1976இல் ஏவிய லேஜியோஸ் கோளோடு சேர்த்து அதை அளக்கவே லாரெஸ்-2 போயிருக்கிறது. கடல்மட்டம் உயர்வதை அளக்கும் கணக்கும் பூமியின் நிறை மையம் எங்கே என்பதில் நிற்கிறது. அந்த மையத்தை நிர்ணயிப்பதும் இத்தகைய லேசர் அளவுகளே.

2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ முதலான நம் வழிகாட்டிக் கோள்களும் பிரிசங்கள் தாங்கியே பறக்கின்றன. அவற்றின் தூரத்தையும் பிற நாட்டு நிலையங்கள் அளந்து உதவியிருக்கின்றன. ராக்கெட் கிளம்பும்போது நாடே கைதட்டுகிறது. அது ஏற்றிச் சென்ற பொருள் பல பத்தாண்டுகளுக்குப் பயன்படுவது, இரவெல்லாம் திரை முன் அமரும் இந்தப் பயின்ற கண்களால். ஏவுதளத்துக்குக் காட்டும் அக்கறையை இந்த நிலையங்களுக்கும், அங்கே வேலை பழகும் அடுத்த தலைமுறைக்கும் காட்ட வேண்டும்.