எஃப் போட்ட போல்ட்டு

கோயம்புத்தூரில் பழைய ஜீப்புகளைப் புதுப்பிக்கும் பட்டறைகளுக்கு வேலைப் பஞ்சமில்லை. லேத்தும் வார்ப்படப் பட்டறையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர். கிடைக்காத பாகத்தைக் கடைந்தே கொடுத்துவிடுவார்கள். நான் போன பட்டறையில் நின்ற வண்டி வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பல காலம் ஓடியது. ஆர்.சி. புத்தகத்தில் 'வில்லிஸ்' என்றிருந்தது. மேஸ்திரிக்கு அதில் நம்பிக்கையில்லை.

"அந்தக் காலத்துல ஜீப்புன்னாவே வில்லிஸுன்னுதானுங்க எழுதுவாங்க. கீழ குனிஞ்சு பாருங்க."

ரேடியேட்டருக்கு அடியில் டார்ச் அடித்தார். சேசிஸின் முன் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாக இருக்கும். இதில் கவிழ்த்துப் போட்ட 'ப' மாதிரி மடித்த தகடு. அப்படியானால் ஃபோர்டு.

போர்க்காலத்தில் ஒரே கம்பெனியை நம்பியிருக்க அமெரிக்க ராணுவம் விரும்பவில்லை. 1941 இறுதியில் வில்லிஸின் வடிவத்தையே ஃபோர்டிடமும் கொடுத்துச் செய்யச் சொன்னது. வில்லிஸ் சுமார் 3.6 லட்சம், ஃபோர்டு சுமார் 2.8 லட்சம் வண்டிகள் செய்தன. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன் இஞ்சின் இரண்டுக்கும் பொது. முன் கிரில்லில் ஒன்பது பிளவுகள். போருக்குப் பின் பொதுமக்களுக்கு வந்த ஜீப்பில் ஏழுதான். அதை எண்ணினாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டுத் தலையில்கூட, 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. பட்டறைப் பையன் ஒவ்வொரு போல்ட்டாக மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். எழுத்து தெரிந்தது ஐஸ்கிரீம் டப்பாவுக்கு, தெரியாதது பழைய டின்னுக்கு. டின்தான் சீக்கிரம் நிறைந்தது. எழுபது, எண்பது வருஷம் ஓடிய வண்டி, கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போட்டுத்தானே ஓட்டியிருப்பார்கள்!

சேசிஸ் எண்ணிலும் வித்தியாசம் உண்டு. வில்லிஸ் அதைச் சிறு தகட்டில் பொறித்து ரிவெட் அடித்தது. அந்தத் தகடு பல வண்டிகளில் இன்று இல்லை. ஃபோர்டு, இடப்பக்கச் சட்டத்தின் மேலேயே குத்திவிட்டது. கிரீஸ் பொருக்கைச் சுரண்டி, சாக்பீஸைத் தேய்த்ததும் எண் வெள்ளையாக எழும்பியது.

எனக்குப் பிடித்த வேலை பானட்டில் நடந்தது. பெயிண்டர் வாட்டர் பேப்பரை நனைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தேய்த்தார். மேலே நீலம், அடுத்து வெள்ளை, அதற்கடியில் எஸ்டேட்டின் பச்சை. பிறகு மினுக்கமே இல்லாத ஆலிவ் நிறம். "டேய் தம்பி, அழுத்தாத. தண்ணிய ஊத்து" என்று மேஸ்திரி அதட்டினார். ஆலிவின் மேல் மங்கலாக 2, பக்கத்தில் 0. அமெரிக்க ராணுவ ஜீப்பின் பதிவு எண் 20 என்றுதான் தொடங்கும். பிரிட்டிஷ் படைக்குப் போன ஜீப்பாக இருந்தால் 'எம்' எழுத்து வந்திருக்கும். போர் முடிந்ததும் அமெரிக்கப் படை இங்கே விட்டுப்போன வண்டிகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

இஞ்சின் எண் மட்டும் 'எம்.பி.' என்று தொடங்கியது. அது வில்லிஸ் இஞ்சின். வண்டிக்காரர் முகம் வாடியது. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. ராணுவப் பழுதுபார்ப்பு முகாம்களிலேயே ஃபோர்டு சேசிஸில் வில்லிஸ் இஞ்சினை ஏற்றியிருக்கிறார்கள். டீசல் இஞ்சின் மாட்டி, குரோமியம் பம்பர் வைத்து, அதற்குமேல் ஆலிவ் பெயிண்ட் அடித்து 'மிலிட்டரி ஜீப்' என்பதைவிட இந்தக் கலப்பு எவ்வளவோ மேல்.

எஸ்டேட் கொட்டகையிலோ ஏலத்திலோ பழைய ஜீப் ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், நேராக சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் எல்லா அடுக்கும் போய்விடும். முதலில் பானட்டின் இரண்டு பக்கத்தையும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். கழற்றிய போல்ட்டு ஒன்றையும் எடைக்குப் போடாதீர்கள்.