பூனையும் பிடிலும்

இங்கிலாந்தில் மதுவிடுதியின் பெயர் முதலில் ஒரு படம், பிறகுதான் சொல். எழுத்துத் தெரியாதவன் தெருவில் அண்ணாந்து பார்த்து அடையாளம் கண்டுகொண்ட படம். 1393ல், இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியில், ஏல் விற்பவன் பலகை மாட்டியே ஆக வேண்டும் என்று விதி வந்தது. ரிச்சர்டின் சின்னமான வெள்ளைக் கலைமான் இன்றும் பல ஊர்களில் தொங்குகிறது. 1651ல் இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த மரம் 'ராயல் ஓக்' ஆயிற்று. இவற்றில் புதிர் இல்லை. 'பூனையும் பிடிலும்' என்ற பெயரில்தான் வம்பு தொடங்குகிறது.

இந்தப் பூனை, பசு நிலாவைத் தாண்டும் அந்தக் குழந்தைப் பாட்டிலும் இருக்கிறது. பாட்டு 1765 வாக்கில் அச்சேறியது. 1711லேயே ஆடிஸன் 'ஸ்பெக்டேட்டர்' கட்டுரை ஒன்றில் இந்தப் பலகையைக் குறிப்பிடுகிறார். அதனால் விடுதிதான் பாட்டைப் பெற்றது என்று சொல்லிவிட முடியாது. முன்னால் அச்சேறியது தகப்பனாகிவிடாது. ஆனால் வியாக்கியானக்காரர்களுக்கு இதில் திருப்தியில்லை. கலேயில் இருந்த காடோன் என்ற விசுவாசியின் பெயர் மருவியது என்கிறார் ஒருவர். விசுவாசமுள்ள காதரீன், அதாவது எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த ராணி, என்கிறார் இன்னொருவர். 'எலிஃபண்ட் அண்ட் காஸில்' ஸ்பெயின் இளவரசி ஒருத்தியின் பட்டப்பெயர் சிதைந்தது என்றும் கதை உண்டு. முதுகில் கோட்டை சுமந்த யானை லண்டன் கத்தித் தொழிலாளர் கில்டின் சின்னம். யானையை விளக்க ஸ்பெயின் வரை போக வேண்டியதில்லை.

ஆடிஸனுக்கு ஒவ்வாத ஜோடிகள் ஒரே பலகையில் சேர்வது பிடிக்கவில்லை. காரணமும் சொன்னார்: தனிக்கடை வைக்கும் சீடன் தன் சின்னத்தோடு எஜமானின் சின்னத்தையும் சேர்த்துக்கொள்வான். சேர்க்கைக்குப் பின்னால் இருந்தது வியாபாரம். ஆனாலும் பூனையையும் பிடிலையும் மட்டும் அவர் விட்டுவைத்தார். அதில் ஒரு கற்பனை விளையாட்டு இருப்பதாக ஒப்புக்கொண்டார். அவரிடம் எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

தேடலே வீண் என்று நான் சொல்லவில்லை. 'பாப் கோஸ் த வீசல்' பாட்டில் ஒரு விடுதி வருகிறது. லண்டன் சிட்டி ரோடை ஒட்டிய 'ஈகிள்'. 1853ல் நடன மெட்டாக ஊரைப் பிடித்த பாட்டு. வீசல் என்பது தையற்காரனின் இஸ்திரிப் பெட்டியா, நூற்பவளின் கருவியா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் 'பாப்' அக்காலத் தெருப்பேச்சில் அடகு வைப்பது. நான் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன். மதிப்பீட்டாளர் சங்கிலியைத் தராசில் வைக்கும்போது வேறு பக்கம் பார்க்கிற முகங்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த ஒரு சொல் தெரிந்தபின் அந்தத் துள்ளல் மெட்டை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. 1880களில் குடிக்கு எதிரியான இரட்சணிய சேனையே அந்த விடுதியை வாங்கிவிட்டது.

ஈகிளைப் பற்றிய செய்தி பாட்டின் சொற்களை அதனதன் இடத்திலேயே விட்டுவைக்கிறது. கனம் மட்டும் கூடுகிறது. காதரீன் வந்தாலோ பூனை போய்விடுகிறது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் பெண்ணிடம் ராணி கதையைச் சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ பூனை எங்கப்பா?" என்றாள்.

நம் வட்டத்தில் புதுக்கவிதைக்கு எழுதப்படும் விமர்சனங்களில் பெரும்பாலானவை காதரீன் ரகம். கவிதையில் காக்கை வந்தால் அது மத்தியதர வர்க்கம். கிணறு வந்தால் நனவிலி. காக்கை பறந்ததா, கிணற்றில் தண்ணீர் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. படிமம் என்ற சொல்லை இத்தனை வருஷமாகப் புழங்கிவிட்டு, படத்தைப் பார்க்க மட்டும் நமக்கு அவகாசமில்லை. அடுத்த இதழுக்கு விளக்கவுரை எழுத உத்தேசித்திருக்கும் நண்பர்கள் என் பெண்ணின் கேள்விக்கு முதலில் பதில் எழுதட்டும்.