நாற்பத்தேழாவது மைல் சத்திரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் கண்டக்டர் "புதுச்சத்திரம்" என்று குரல் கொடுப்பார், இரண்டொருவர் இறங்குவார்கள், பஸ் புறப்பட்டுவிடும். மாணாக்கப் பருவத்தில் நூறு தடவையாவது அவ்வழி போய்வந்த நான், அது எந்தச் சத்திரம், எந்தப் புண்ணியவான் கட்டியது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. அந்தக் கேள்வி என் மனத்தில் உதிப்பதற்கு, பூகோளத்தின் மறுபுறத்தில், நான் குடியேறி வாழும் வான்கூவரிலிருந்து வடக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் காரோட்டி, கிளிண்டன் என்னும் சிற்றூருக்குப் போகவேண்டியிருந்தது.

சில நூறு பேரே வசிக்கும் அவ்வூரின் ஆதிப்பெயர் 'நாற்பத்தேழாம் மைல் வீடு'. 1861-இல் வில்லியம்ஸ் ஓடைக்கரையில் பொன் கிடைத்த செய்தி பரவவே, ஆயிரக்கணக்கானோர் வடக்கு நோக்கிப் புறப்பட, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கவர்னர் டக்ளஸ் பதினெட்டடி அகலத்தில் மலைச்சரிவுகளைக் குடைந்து கரிபூ வண்டிச்சாலையைப் போடுவித்தார். லில்லூவெட் என்ற ஊரைப் பூஜ்யமாக வைத்து அளந்த பழைய பாதையில், இன்னின்ன மைலில் இன்ன ரோட்ஹவுஸ் என்று விடுதிகள் முளைத்தன. நூறு மைல், நூற்றைம்பது மைல் என்ற பெயர்களைச் சுமந்தபடி ஊர்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. நம்மவர் சத்திரத்துக்குக் கட்டியவர் பெயரையோ ஸ்வாமியின் பெயரையோ வைப்பார்களேயன்றித் தொலைவைப் பெயராக வைப்பதில்லை.

ரோட்ஹவுஸில் படுக்கைக்கும் ஆகாரத்துக்கும் குதிரைத் தீவனத்துக்கும் காசு. அதே தசாப்தத்தில், 1867-இல், எங்கள் ஜில்லாவின் வடலூரில் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு, காசு கேளாமல் இன்றளவும் எரிகிறது. இதைச் சொல்லிக் கர்வப்பட எனக்கு முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நம் சத்திரங்கள் பலவற்றில் எந்த ஜாதிக்கு எந்தப் பந்தி என்று ஒரு கணக்கு இருந்ததை எண்ணியபோது அந்தக் கர்வம் அடங்கிற்று. கனடாவின் கணக்கும் நிர்மலமானதல்ல: பொன் கிடைத்த மறுவருஷமே, 1862-இல், விக்டோரியா நகரிலிருந்து பரவிய வைசூரி, அந்நிலத்துக்குரிய செக்வெப்பெமக் மக்களின் கிராமங்கள் பலவற்றைச் சூறையாடியது, ஆனால் கிளிண்டன் மியூசியத்தின் பலகைகளில் பொன்னைப் பற்றியே அதிகம் வாசித்தேன்.

1863-இல் பிரிட்டனின் காலனி மந்திரியாயிருந்த நியூகாசில் பிரபுவின் குடும்பப் பெயரால் கிளிண்டன் என்று மறுநாமகரணம் பெற்ற அவ்வூரில், ஏறக்குறைய நூற்றாண்டுக் காலம் வழிப்போக்கர்களை ஏற்றிருந்த பெரிய ஹோட்டல் 1958-இல் தீக்கிரையாயிற்று. மிஞ்சியிருப்பவற்றில், 1892-இல் செங்கல்லால் எழுப்பிய பள்ளிக்கூடமே இன்று மியூசியம். அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வயோதிக மாது, நான் எங்கிருந்து வந்தவன் என்று விசாரித்தார். சிதம்பரத்தைச் சொன்னேன், போகும் வழியில் உங்கள் ஊரைப்போலவே சத்திரத்தால் பெயர் பெற்ற கிராமம் ஒன்று உண்டு என்று புதுச்சத்திரத்தையும் சொல்லி, அதன் அர்த்தத்தையும் விளக்கினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்படியானால் பழைய சத்திரம் எங்கே இருந்தது?" என்று கேட்டார்.