பணி நிறைவும் பணித் தொடர்ச்சியும்

ஆசிரியப் பணிக்கு அரசு விதிப்படி ஓய்வு உண்டு; ஆசிரியருக்கு ஓய்வு உண்டா? கல்வராயன் மலைப் பள்ளியில் நமக்குத் தமிழ் கற்பித்த பெருந்தகை அண்மையில் பணி நிறைவு பெற்றபோது நம் உள்ளத்தில் எழுந்த வினா இது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை அறிந்தவர்கள், அங்குப் பணியாற்றுவதன் அருமையையும் அறிவர். ஜாகீர்தார் மூவரின் ஆளுகையில் இருந்த அம்மலை, 1976ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. குடும்பத்தில் முதன்முதலாக ஏடு தொட்ட தலைமுறையினர் இன்றும் அங்கு உளர்.

மாறுதல் ஆணையைப் பலரும் எதிர்நோக்கும் மலையில், நம் ஆசிரியர் குடும்பத்தோடு குடியேறினார். பிழைப்பு நாடிப் பெற்றோர் வெளியூர் செல்கையில் பிள்ளைகளும் படிப்பைவிட்டு உடன் செல்வதுண்டு. வருகைப் பதிவேட்டில் குறியிட்டதோடு அமையாமல், அவர் சிற்றூர்தோறும் நடந்து சென்று, "பிள்ளையை விடுதியில் விட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அவ்வாறு தங்கிப் பயின்றவர்களுள் நாமும் ஒருவர்.

குறிஞ்சித் திணையைக் கற்பித்த நாளில், தினை, தேன், மூங்கில் எனக் கருப்பொருள்களைக் கூறிவிட்டுச் சாளரத்தின் வெளியே கைகாட்டினார். நம் மலையும் இலக்கியத்துள் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தோம். சமவெளிக்குப் படிக்க வந்தபோது, ஊர்ப்பெயரைக் கூசாமல் சொல்லும் துணிவை அந்த ஒரு பாடம் நமக்கு அளித்தது.

பாராட்டு விழாவில் பொன்னாடைகள் குவிந்தன. ஏற்புரையில் அவர் தம்மைப் பற்றி யாதும் பேசவில்லை. "என் நாற்காலி வெறுமையாக இருக்கலாகாது" என்ற ஒரு வேண்டுகோளையே வைத்தார்.

தமிழ் வரலாறு அறிந்தோர்க்கு இவ்வேண்டுகோள் புதிதன்று. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் 1880இல் ஓய்வு பெறுகையில், தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் இளம் மாணாக்கர் உ.வே.சாமிநாதையரைத் தம் இடத்தில் அமர்த்த முயன்று வென்றார். 1903 வரை அங்குக் கற்பித்த ஐயர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓய்வு பெறுபவர் தமக்குப் பின் வருபவரை எண்ணியதன் பயன் அது. நாகூர் குலாம் காதிறு நாவலரும் அம்மகாவித்துவானிடம் பயின்றவரே. ஆசிரிய மரபு இவ்வாறே சமயம் கடந்தும் கிளைத்து வளர்கிறது.

நம் துறை மாணவர்களுள் பலர் நாளை ஆசிரியராக இருப்பவர்கள். மலைப் பள்ளிக்கு ஆணை வருமாயின், அதனைத் தண்டனையாகக் கருதி மாறுதலுக்கு அலைய வேண்டா. ஆண்டு முழுவதும் ஆசிரியரின்றி இருக்கும் ஒரு வகுப்பு இழப்பதை எந்தப் பொன்னாடையும் ஈடுசெய்யாது. அங்கே ஒருவர் சென்று அமர்வதே பெருந்தகைக்கு நாம் செலுத்தும் மெய்யான விடைநன்றி.

அவர் நலமுடன் நீடு வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம்.