வாப்பாவின் றபான்

வாப்பா றபான் அடித்துப் பைத் பாடியதை 1994இல் ஒரு கசெட்டில் பிடித்து வைத்திருந்தோம். அவர் மௌத்தாகிப் பல வருடங்களின் பின் மூத்தவன் அதைப் போனுக்கு மாற்றித் தந்தான். சிறிய இயர்போனில் றபான் தகரம் தட்டுவது போலிருந்தது.

புறக்கோட்டைக் கடையொன்றில், பேஸ் கூடியதென்று ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். அவர்கள் போட்ட சினிமாப் பாட்டுக்குத் தலையே அதிர்ந்தது. வாங்கிவிட்டேன். வீட்டில் கேட்டால் றபான் மட்டும் குமுறுகிறது. வாப்பாவின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. 250 ஹேர்ட்சுக்குக் கீழே அளவுக்கு மீறி ஏற்றினால் அது குரலை அமுக்கிவிடும். மீடிறன் படிப்பிக்கிற எனக்கு இது கடையில் தோன்றவில்லை!

மாற்றித்தர மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை வேறு கடையில், வாப்பாவின் பதிவையே போட்டுக் கேட்டு, பேஸ் சற்றுக் குறைந்ததாய் எடுத்தேன். அதிலும் மகனுக்கு நிறைவாய்க் கேட்ட அடி எனக்கு மெலிந்தே கேட்டது. என் மூக்குக்கண்ணாடியின் கால் மெத்தையைத் தூக்கி இடைவெளி விட, தாழ்ந்த ஒலிதான் முதலில் கசிந்துபோகிறது.

இப்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். பைத்துக்கு நடுவே வாப்பா ஒருமுறை இருமுகிறார். அதுவும் தெளிவாய்க் கேட்கிறது.