சாந்தினி சந்தையில் மீண்ட விமானங்கள்

ஹார்ட் டிஸ்கின் உள்ளே தரவைப் படிக்கும் முனை, தட்டைத் தொடுவதே இல்லை. தட்டு சுழலும் வேகத்தில் எழும் மெல்லிய காற்றின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில், அது பறந்துகொண்டே படிக்கிறது. அந்த உயரம் தவறித் தட்டில் உரசினால் தகவல் துகளாக உதிர்ந்துவிடும். கொல்கத்தா சாந்தினி சந்தையில், மதன் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில் டேட்டா ரெக்கவரி கடை நடத்துபவர் இதை விளக்கியபோது, என்னுடன் வந்த லேக் மார்க்கெட் பகுதி அண்ணா ஒருவர் கூர்ந்து கேட்டார். அவர் கொண்டுவந்திருந்த டிஸ்க் முழுக்க விமானங்கள்தான்.

அண்ணா வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 2003இல் மைக்ரோசாஃப்ட் ‘ஃப்ளைட் சிமுலேட்டர் 2004’ வந்த நாளிலிருந்து கணினியில் விமானம் ஓட்டுகிறார். விளையாட்டோடு வந்ததைவிட அவர் இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்த ஆட்-ஆன்களே அதிகம். சைபர் கஃபேயில் இரவுக் கட்டணத்தில் இறக்கி, சிடியில் எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்த காலமும் உண்டு. உலகெங்கும் ஆர்வலர்கள் காசு வாங்காமல் செய்து கொடுத்தவை அவை. ஹாங்காங் கை டாக் விமான நிலையம் 1998 ஜூலையில் மூடப்பட்டது. அண்ணாவின் டிஸ்கில் இன்றும் அங்கே இறங்கலாம். கிங்ஃபிஷர் 2012இலும் ஜெட் ஏர்வேஸ் 2019இலும் பறப்பதை நிறுத்தின, விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. அவற்றின் வண்ணப் பூச்சுகள் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. கொல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தில் புதிய முனையம் 2013இல் திறந்தது. அதே சிமுலேட்டரின் அடுத்த பதிப்பாக 2006இல் வெளியான ‘எஃப்எஸ்எக்ஸ்’ அதை அறியாது. அந்த முனையத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து கட்டித் தந்தால்தான் உண்டு.

இதைப் பொழுதுபோக்குக் குப்பை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மறைந்துபோன விமான நிறுவனத்தின் வால் வண்ணத்தை அளவு பிசகாமல் வரைந்து வைத்தவர் ஒரு சிறு வரலாற்றை எழுதியிருக்கிறார். அவர் பெயர் ரீட்மி கோப்பில் மட்டும்தான் இருக்கும்.

டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டது. கடைக்காரர் முதலில் கேட்டது, “சத்தம் வந்த பிறகு எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?” என்றுதான். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் முனை தட்டைக் கீறலாம். சர்க்யூட் பலகையை மாற்றினால் போதாதா என்று கேட்டேன். அந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் பலகையில் உள்ள சிறு சிப்பில் இருக்கின்றன. அதைச் சூடாக்கிப் பெயர்த்துப் புதுப் பலகையில் பற்றவைக்காமல் பல டிஸ்குகள் உயிர் பெறாது. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த இளைஞர்தான் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே இந்தப் பதிலைச் சொன்னார். முனையே போயிருந்தால், அதே மாடல் டிஸ்க் ஒன்றைத் தேடி வாங்கி, வடிகட்டிய காற்று ஓடும் பெட்டிக்குள் வைத்து மாற்ற வேண்டும். அப்படி உயிர் வந்த டிஸ்கிலிருந்து நேராகக் கோப்புகளை எடுப்பதில்லை. முழு டிஸ்கையும் இன்னொன்றில் நகலெடுக்கிறார்கள்: நன்றாகப் படிக்கும் பகுதிகள் முதலில், அடம்பிடிப்பவை கடைசியில், சில வேளை பின்னிருந்து முன்னாக. அண்ணாவின் டிஸ்கில் முனை தப்பித்திருந்தது.

ஆனால் கோப்புப் பட்டியல் சிதைந்ததால் பெயர்கள் போய்விட்டன. வெறும் எண்ணிட்ட ஜிப்கள்தான் வந்தன. இங்கேதான் கடையில் வேலை செய்யும் இளம்பெண்ணின் கைத்திறனைப் பார்த்தேன். ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து ரீட்மியைப் படிக்கிறார். அது இல்லையென்றால் ‘ஏர்கிராஃப்ட்’ அமைப்புக் கோப்பில் விமானத்தின் பெயரைத் தேடுகிறார். 2020இல் வந்த புதிய சிமுலேட்டருக்கான ஆட்-ஆன் என்றால் ‘மேனிஃபெஸ்ட்’ கோப்பில் செய்தவர் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். ஒரே கோப்பு இரண்டு முறை வந்திருக்கிறதா என்பதை, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறார். விமானத்தில் அவர் ஏறியதே இல்லையாம். எனக்குத் தெரியாத போயிங் ரகங்களை அவர் பிரித்து அடுக்கினார்.

ஜிப்பாக இருந்ததெல்லாம் அடையாளத்தோடு மீண்டது. பிரித்து நிறுவியவை அப்படி மீளவில்லை. பழைய சிமுலேட்டர்களில் ஓர் ஆட்-ஆனை நிறுவினால் விமானம் ஓரிடம், கருவிகள் ஓரிடம், ஒளி விளைவுகள் வேறிடம் என்று சிதறிவிடும். திரும்பத் திரட்ட வழியில்லை. ஆகவே இறக்கிய ஜிப்பை அப்படியே, ரீட்மியோடு, ஒதுக்கி வைப்பதுதான் உண்மையான பேக்கப். நிறுவியிருப்பது போனால் போகட்டும். புதிய சிமுலேட்டரில், இறக்கிய ஆட்-ஆன்கள் பொதுவாக ‘கம்யூனிட்டி’ ஃபோல்டரில் அடங்குவதால் வேலை எளிது. ஆனால் இடம் போதாமல் பலர் சரக்கை வேறு டிஸ்கில் வைத்து, இங்கே இணைப்பு மட்டும் கொடுக்கிறார்கள். அந்த ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் சில நேரம் இணைப்புதான் வரும், விமானம் வராது.

அடுக்கும் முறையை அண்ணாவே சொன்னார். ஊர்ப் பெயர் வேண்டாம், விமான நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீடு போதும் என்றார். கொல்கத்தாவுக்கு விஈசிசி, சென்னைக்கு விஓஎம்எம், யாழ்ப்பாணத்துக்கு விசிசிஜே. அந்தப் பெண் உடனே தன் பட்டியலைத் திருத்தினார்.

பிரதிகளை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. 1996இல் தொடங்கிய ‘ஆவ்சிம்’ என்ற பெரிய ஆட்-ஆன் களஞ்சியத்தை 2009 மே மாதம் யாரோ ஊடுருவி அழித்தார்கள். அங்கே இரண்டு சர்வர்கள் இருந்தன. ஒன்றுக்கு மற்றது பேக்கப். இரண்டையும் சேர்த்தே அழித்துவிட்டார்கள். வெளியே மூன்றாவது பிரதி இல்லை. கடைக்காரருக்கு இந்தச் செய்தி புதிது, ஆனால் வியப்பில்லை. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்த பிறகு, கல்லூரி வீதியில் புத்தகங்கள் தண்ணீரில் மிதந்த அதே நாட்களில், நனைந்த கணினியையும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்த பேக்கப் டிஸ்கையும் சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள் என்றார். ஒரே மேசையில் இருக்கும் இரண்டு பிரதியை அவர் ஒன்றாகத்தான் எண்ணுகிறார். அண்ணாவின் ஒரு பிரதி இப்போது கோயம்புத்தூரில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறது.

ஒரே ஒரு ஃபோல்டரில் மட்டும் கடையில் இருந்த மூவராலும் எதுவும் செய்ய முடியவில்லை. அண்ணா காசு கொடுத்து வாங்கிய ஆட்-ஆன்கள் அவை. கோப்புகள் பழுதின்றி மீண்டுவிட்டன, ஹாஷ்கூடப் பொருந்துகிறது. ஆனால் நிறுவும்போது விற்றவரின் சர்வரிடம் அனுமதி கேட்கின்றன; விற்றவர் கடையை மூடிவிட்டார். கடையை மூடுகிறவர்கள் போகும் முன் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டுப் போக வேண்டும் என்று வாங்குகிறவர்கள் நாம் கேட்டாக வேண்டும். அந்தப் பெண் அந்த ஃபோல்டரையும் அழிக்காமல், பெயருக்கு முன்னால் ‘பூட்டு’ என்று வங்காள மொழியில் எழுதி, டிஸ்கில் தனியாக வைத்துக் கொடுத்தார்.